தொடாமல் வைத்த குட்டி

அந்த இரண்டு நாய்களும் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஞானராஜுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கடித்துவிடுமோ என்ற பயம் இல்லை, செத்துப்போய்விடுமோ என்ற பயம்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் அவன் ஆபரேட்டர். கடலோரக் குப்பங்களிலிருந்து வரும் மீன் வண்டிகளுக்கு ஐஸ் பார் ஏற்றிவிடுவதும் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்வதும்தான் பதினோரு வருஷமாக வேலை. முதலாளி நடராசனுக்குக் கோத்தகிரியில் தெரிந்த அம்மாள் ஒருத்தி மகனோடு இருக்கக் கனடாவுக்குக் கிளம்பினாள். அவள் வளர்த்த ஜோடியை நடராசன் ஆசைப்பட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றே நாளில் ஆசை தீர்ந்தது. மொட்டை மாடியில் அவை குரைத்த குரைப்பில் அக்கம்பக்கம் முழுக்க அவர் வாசலுக்கு வந்துவிட்டது.

"நீ வச்சிக்கிறியா ஞானராஜு? உன் கையிலதான் ஐஸ் கீது" என்றார்.

ஞானராஜ் சரி என்று சொல்லிவிட்டான். எதற்காகச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்து ஆண் நாய் வந்து அவன் முழங்காலில் நெற்றியை வைத்து அழுத்தியது, அவ்வளவுதான்.

எல்க்ஹவுண்ட் என்று அந்த ஜாதிக்குப் பெயர். நார்வே தேசத்து நாய். சாம்பல் நிறம், விறைத்த காது, முதுகின் மேல் சும்மாடு மாதிரி சுருண்டு கிடக்கும் வால். மேலே முரட்டு ரோமம், அதை விலக்கினால் உள்ளே பஞ்சு மாதிரி இன்னொரு ரோமம். அந்த ஊரில் மாட்டைவிடப் பெரிய மான் ஒன்று இருக்கிறதாம். இந்த நாய் அதன் மேல் பாய்ந்து கடிக்காதாம். சுற்றிச் சுற்றி வந்து குரைத்து, வேட்டைக்காரன் வரும்வரை நகரவிடாமல் நிறுத்திவைக்குமாம். அதனால்தான் இத்தனை குரைப்பு என்று நடராசன் சொன்னார். ஆணுக்குக் கோத்தகிரியில் வைத்த பெயர் தெருவில் யார் வாயிலும் நுழையாததால் பீமன் என்றானது. பெண்ணின் பெயர் இங்கா. அது அப்படியே நின்றது.

ஞானராஜின் மனைவி பாக்கியமேரி அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். குழந்தைகளோடு பழகுகிறவளுக்கு நாய் என்றாலே ஆகாது. நம்மூர் வெயிலில் நமக்கே மூச்சு முட்டுகிறது, கம்பளி போர்த்திக்கொண்டு பிறந்த ஜீவனைக் கொண்டுவந்து சாகடிக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. முதல் மே மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய் இரண்டு மணி நேரம் வரவில்லை. ஞானராஜ் பிளான்ட்டில் இருந்தான். பாக்கியமேரி போன் செய்தபோது அவள் குரலே அடையாளம் தெரியவில்லை. அவன் வண்டியை முடுக்கிக்கொண்டு வந்து பார்த்தால், இங்கா பாத்ரூம் தரையில் கிடக்கிறது. நாக்கு நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருக்கிறது. பாக்கியமேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத் துணியை அதன் தொடையிடுக்கில் வைத்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது தலையைத் தூக்கியது. அன்றைக்குப் பிறகு நாய் வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை. ஈரச் சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டி ஒரு நாள் வரத் தாமதமானால் அவனுக்குத்தான் அர்ச்சனை விழும்.

மகள் வெனிலாவுக்குப் பதினொரு வயது. இங்கா குட்டி போட வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். விழுப்புரத்தில் காந்திமதி என்ற கால்நடை டாக்டரிடம்தான் இரண்டு நாய்களையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவசரப்படக் கூடாது, இரண்டு வயது முடியட்டும், அக்டோபரில் இணை சேர்த்தால் மார்கழிக் குளிரில் குட்டி பிறக்கும், இந்த ஜாதிக்கு அதுதான் நல்லது என்று அவர் கணக்காகச் சொன்னார். அப்படியே செய்தார்கள். மார்கழியில் தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் இங்கா ஆறு குட்டி போட்டது. ஒன்று உயிரில்லாமல் வந்தது. மீதி ஐந்தும் கரிக்கட்டை மாதிரி கன்னங்கரேலென்று இருந்தன.

தெருவில் ஒரே சிரிப்பு. சாம்பல் நாய்க்குக் கறுப்புக் குட்டியா, எந்தத் தெரு நாய் சுவர் ஏறிக் குதித்ததோ என்று கேட்டார்கள். ஞானராஜுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உதைத்தது. டாக்டரம்மா போனிலேயே சிரித்துவிட்டு, எல்க்ஹவுண்ட் குட்டி கறுப்பாகத்தான் பிறக்கும், வாரம் போகப் போகச் சாம்பல் ஆகும் என்றார். ஆனது. ஐந்தாவது வாரத்தில் முகம் மட்டும் கறுப்பாக நிற்க, உடம்பெல்லாம் வெளுத்து, பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். நான்கு குட்டிகளுக்கு ஆள் ஏற்பாடாகிவிட்டது. அதில் ஒருவர் மேல்சித்தாமூர்க்காரர், அப்பாண்டைராஜ் என்று பள்ளிக்கூட வாத்தியார். ஐந்தாவதை வெனிலா தர மாட்டேன் என்றாள்.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தார்கள். பாக்கியமேரி அடுப்படிக்குப் போனாள். வெனிலா பின்கட்டில் வலைத் தடுப்பைத் திறந்து குட்டிகளுக்குக் கேப்பைக் கூழும் முட்டையும் வைத்துக்கொண்டிருந்தாள். ஞானராஜ் எக்ஸெல் வண்டியில் பிளான்ட்டுக்குப் போய் ஐஸ் எடுத்துவந்தான். கேட்டை முன் சக்கரத்தாலேயே தள்ளித் திறந்தான். இரண்டு கையிலும் ஐஸ் சாக்கு. கேட்டைச் சாத்தவில்லை. அப்புறம் சாத்திக்கொள்ளலாம் என்று பின்கட்டுக்குப் போய்விட்டான்.

சாக்கை இறக்கிவைத்து நிமிர்ந்தபோது பீமன் குரைத்தது. நாள் முழுக்கக் குரைக்கிற நாய்தான். ஆனால் இது அந்தக் குரைப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து, ஒரே அளவில், விடாமல் வந்தது. ஞானராஜ் திரும்பினான்.

செம்மண் நிறத்தில் ஒரு நாய் கேட்டிலிருந்து பின்கட்டுக்கு வரும் சந்து வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் பார்த்த நாய் இல்லை. கீழ்த்தாடை தொங்கிக் கிடந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி இறங்கி மார்பில் ஒட்டியிருந்தது. அது யாரையும் பார்க்கவில்லை. வழியில் இருந்த எக்ஸெல்லின் டயரைக் கடித்தது. ஐஸ் சாக்கைக் கடித்தது. தண்ணீர்க் குழாயைக் கடித்துவிட்டு, குட்டிகள் இருந்த பக்கம் நடந்தது.

வெனிலா கைக்குக் கிடைத்த இரண்டு குட்டிகளை அள்ளிக்கொண்டு துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றுவிட்டாள். அவள் கத்தவில்லை. அதுதான் ஞானராஜுக்கு இன்னும் கிலியாக இருந்தது. சாக்கை மாட்டித் தூக்கிவந்த, ஐஸ் பார் இழுக்கிற இரும்புக் கொக்கி இன்னும் அவன் கையில் இருந்தது. தினம் எத்தனையோ ஐஸ் பாரை இழுத்துப் போடுகிற கை. அந்தக் கை எழவே இல்லை.

பீமன் குறுக்கே பாய்ந்தது. கடிக்கவில்லை. முகத்துக்கு முன்னால் போய்க் குரைத்துவிட்டு, அந்த நாய் வாயைத் திறக்கிற நொடியில் பின்னால் துள்ளியது. மறுபடி போனது, மறுபடி துள்ளியது. இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் இங்கா நின்று குரைத்தது. இரண்டும் சுற்றிச் சுற்றி வந்ததில் அந்த நாய் நடுவில் மாட்டிக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தள்ளாடியது. எவ்வளவு நேரம் அப்படி நிறுத்திவைத்தன என்று தெரியாது. தாயின் குரலைக் கேட்டு ஒரு பெட்டைக் குட்டி தடுப்பிலிருந்து வெளியே ஓடிவந்தது. இருக்கிறதிலேயே பெரிய குட்டி. நேராக அந்த நாயின் காலடிக்கே போனது. அது குனிந்து குட்டியின் பின்னங்காலைக் கவ்வி உதறியது.

அதே நேரம் ஞானராஜைத் தள்ளிக்கொண்டு ஒருவன் முன்னால் போனான். நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிற பச்சமுத்து. மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன், இப்போது மீன் வண்டி ஓட்டுகிறான். குரைப்புச் சத்தம் கேட்டு வந்தவன், திறந்து கிடந்த கேட்டையும் தரையில் எச்சிலையும் பார்த்துவிட்டு ஓடிப்போய் வண்டியிலிருந்து வீச்சு வலையை எடுத்துவந்திருந்தான். "நவுருண்ணா" என்றான். வலை விரிந்து விழுந்தது. அந்த நாய் உருண்டு உருண்டு வலையையே கடித்தது.

எல்லோரும் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெனிலா கல்லிலிருந்து குதித்து, கத்திக்கொண்டிருந்த குட்டியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஞானராஜ் திரும்பிப் பார்த்தபோது அவள் மணிக்கட்டில் ரத்தமும் எச்சிலும் பூசியிருந்தன. மணிக்கட்டு முழுக்க, குட்டிகளோடு விளையாடியதில் முன்பே விழுந்த கீறல்கள்.

அவனுக்கு உப்பளத்து சுகுமாரின் ஞாபகம் வந்தது. ஐஸ் பிளான்ட்டுக்கு வருவதற்கு முன்னால் ஞானராஜ் மரக்காணம் உப்பளத்தில் மூட்டை தூக்கினான். கூட வேலை செய்த சுகுமாரை வீட்டில் வளர்த்த நாய்க்குட்டி விரலில் லேசாகப் பல் பதித்தது. சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலைக்கு வந்துவிட்டான். இரண்டு மாசம் கழித்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேனில் ஞானராஜும் இருந்தான். தாகமாக இருக்கும் என்று ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினான். தண்ணீரைப் பார்த்ததும் சுகுமாரின் தொண்டை உள்ளே இழுத்துக்கொண்டதை ஞானராஜ் யாரிடமும் சொன்னதில்லை, பாக்கியமேரியிடம்கூட.

அவன் வெனிலாவைத் தூக்கிக் குழாயடியில் நிறுத்திச் சோப்புப் போட்டுக் கழுவினான். கால் மணி நேரம் கழுவினான். அவள் வலிக்குதுப்பா, வலிக்குதுப்பா என்று சொன்னது அவன் காதில் விழவே இல்லை. பாக்கியமேரிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

திண்டிவனம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் முதல் ஊசி போட்டார்கள். வெனிலாவுக்குக் கீறலைச் சுற்றிப் போட வேண்டிய இன்னொரு மருந்துக்காக முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதையும் அன்றைக்கே போட்டுவிட்டார்கள். நேரத்தோடு வந்துவிட்டீர்கள், மீதி ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டால் பயமில்லை என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். பயமில்லை என்ற வார்த்தை ஞானராஜுக்கு உள்ளே இறங்கவில்லை.

சாயங்காலம் கையுறை போட்டுக்கொண்டு அவனும் பாக்கியமேரியும் பீமனை உட்காரவைத்து, ரோமத்தை விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு அடுக்கு ரோமத்தில் ஒரு பல் பதிந்திருந்தால் எங்கே தெரியும்? கழுத்து ரோமத்தில் எச்சில் காய்ந்து விறைப்பாக இருந்தது. அந்த இடத்தைக் கத்தரித்தார்கள். அடியில் தோலில் ஒன்றும் இல்லை. இங்காவிடமும் இல்லை. ஆனால் பார்க்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கும் என்றே அவனுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் வலையில் பிடித்த நாய் செத்தது. அதன் தலையைச் சென்னைக்கு அனுப்பினார்கள். வெறிநோய்தான் என்று நாலாம் நாள் பதில் வந்தது.

டாக்டர் காந்திமதி ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். பெரிய நாய்கள் இரண்டும் வருஷா வருஷம் ஊசி போட்டவை, இப்போது திரும்பவும் போட்டு நாற்பத்தைந்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். கடிபடாத நான்கு குட்டிகளுக்கும் ஊசி போட்டு, ஆறு மாசம் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கடிபட்ட குட்டியைப் பற்றிச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதை ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்கவைத்துவிடுவதுதான் முறை என்றார். வைத்துக்கொள்வதானால் கம்பிக்குள் தனியாக வைக்க வேண்டும், ஆறு மாசத்துக்கு வீட்டில் யாரும் விரலால்கூடத் தொடக் கூடாது. ஊசி போட்டாலும் உத்தரவாதம் கிடையாது.

ஞானராஜ் பாக்கியமேரியைப் பார்த்தான். தூங்கவைத்துவிடுங்கள் என்ற வார்த்தை அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வச்சிக்கலாம். தொட வேணாம், அவ்ளோதானே?" என்றாள் பாக்கியமேரி.

வீட்டுக்குப் பின்னால் புழங்காத பழைய பாத்ரூம் ஒன்று இருந்தது. கதவைக் கழற்றிவிட்டுக் கம்பிக் கதவு வைத்தான். உள்ளே சாக்கு, ஒரு தட்டு, தண்ணீருக்கு ஒரு கிண்ணம். சாப்பாட்டை நீளக் கம்பியால் தள்ளிவிட்டான். மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள் என்று ஊசிக்கு விழுப்புரம் கொண்டுபோக, இரும்புக் கூண்டை நிலைக்கு நேராக வைத்துத் தட்டைக் காட்டினால் குட்டி தானாக ஏறிக்கொள்ளும். ஊருக்குப் போகிறோம் என்று வாலை ஆட்டும். கிளினிக் வராந்தாவில் மற்ற நாய்களோடு வரிசையில் இருந்து, கம்பி வழியாக ஊசி வாங்கிக்கொண்டு திரும்பும். மற்ற நான்குக்கும், குட்டிகளுக்கு வரும் வேறு நோய்களுக்கான கட்டாய ஊசியை அந்த மாதத்திலேயே போட்டார்கள். இதற்கு மட்டும் வெறிநோய் ஊசி முடியட்டும், கையில் பிடிக்கிற வேலை கொஞ்சம் பொறுத்துச் செய்வோம் என்று தள்ளிவைத்தார்கள். ஞானராஜ்தான் அப்படிக் கேட்டுக்கொண்டான். டாக்டரம்மா யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

குட்டி கேட்டிருந்த நான்கு பேருக்கும் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பச்சமுத்து யோசனை சொன்னான், கடிபடாத குட்டிதானே என்றான். ஞானராஜால் அது முடியவில்லை. மூன்று பேர் அப்போதே வேண்டாம் என்றார்கள். அப்பாண்டைராஜ் மட்டும் மேல்சித்தாமூரிலிருந்து புறப்பட்டு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆறு மாசம் முடிந்ததும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வாங்கிக்கொள்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஞானராஜ் வாழ்ந்த நாட்கள் சாதாரண நாட்கள் இல்லை. பீமன் தண்ணீர் குடிக்கிறதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கிண்ணத்தை வைத்துப் பார்த்தான். குடித்துவிட்டால் பெருமூச்சு விடுவான். வேண்டாமென்று அது முகத்தைத் திருப்பினால் இவனுக்குச் சோறு இறங்காது. பீமனின் குரல் கம்மியது. குரல் மாறுவது ஒரு அறிகுறி என்று எங்கேயோ படித்திருந்ததால், பிளான்ட்டில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு விழுப்புரத்துக்கு ஓடினான். அன்றைக்கு அப்படிக் குரைத்ததில் தொண்டை புண்ணாகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. மூன்றாவது ஊசிக்குப் பிறகு வெனிலாவுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது. அவன் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றான். அவள் வாங்கி மடமடவென்று குடித்தாள். அவன் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தான். "போதும்பா, இன்னாப்பா நீ" என்று அவள் சிரித்தாள். அவன் கொல்லைப் பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெனிலா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கம்பிக் கதவிலிருந்து நாலு முழம் தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குட்டியோடு பேசுவாள். ஞானராஜ் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தான். அவள் கோட்டைத் தாண்டியதில்லை. குட்டி கம்பியின் மேல் கால் வைத்து எழுந்து நின்று அவளைக் கூப்பிடும். தாய் கட்டிய இடத்திலிருந்து பதில் கொடுக்கும்.

இருபத்திரண்டாம் நாள் குட்டி சாப்பிடவில்லை.

முதலில் வெயில் என்று நினைத்தார்கள். மறுநாள் மூலையில் முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டு படுத்திருந்தது. வெளிச்சம் பட்டால் தலையைத் திருப்பிக்கொண்டது. மத்தியானம் எழுந்து நடந்தபோது பின்னங்கால் பின்னிக்கொண்டு விழுந்தது. பிறகு சாப்பிடுவது போல வாயை அசைத்தது. வாயில் எதுவும் இல்லை. எதையோ மென்றுகொண்டே இருக்கிற மாதிரி தாடை ஆடியது, நுரை தள்ளியது.

ஞானராஜ் போன் செய்தபோது அவனுக்கு வார்த்தை கோர்வையாக வரவில்லை. யாரும் கிட்டப் போகக் கூடாது என்றார் டாக்டரம்மா. தாடை ஆடுவது வேறு நோயிலும் உண்டு, பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் வெறிநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு நாலரைக்குள் வந்துவிடுகிறேன் என்றார். பாக்கியமேரி வெனிலாவைப் பள்ளியிலிருந்து நேராகப் பச்சமுத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய நாய்களை ஞானராஜ் முன்கட்டுக்கு மாற்றிக் கட்டினான். இங்கா கழுத்துச் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓயாமல் கத்தியது.

பாத்ரூம் முன்னால் அவன் மட்டும் இருந்தான். பிளான்ட்டில் போடுகிற தடித்த ரப்பர் கையுறை முழங்கை வரைக்கும் போட்டிருந்தான். எதற்குப் போட்டான் என்றால், ஒரு வேளை தேவைப்படும் என்றுதான். விட்டுவிட்டு வந்த குட்டியின் வலிப்பு நாலு மணி வாக்கில் கொஞ்சம் நின்றது. அது தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு கம்பிக் கதவு வரைக்கும் வந்தது. மூக்கைக் கம்பி இடுக்கில் நுழைத்து வைத்துக்கொண்டு முனகியது. அது கடிக்கிற நிலையில் இல்லை. கையுறை விரலை மூக்கின் மேல் ஒரு நிமிஷம் வைத்திருக்கலாம். ஞானராஜ் சாக்பீஸ் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

டாக்டரம்மா வந்தபோது முடிந்துபோயிருந்தது.

அவர்தான் எல்லாவற்றையும் செய்து, தலையைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார். முடிவு வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கடிபட்ட குட்டி வெறிநோயில் செத்திருந்தால், அன்றைக்கு வெனிலாவின் கீறலிலும் அதே எச்சில் இறங்கியிருக்கிறது என்றுதானே அர்த்தம். ஊசி எல்லாம் போட்டாயிற்று, அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மறுபடி சொன்னார். பாக்கியமேரி அந்தோணியார் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவைத்துவிட்டு அப்படியே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஞானராஜ் மகளின் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் சோற்றை விழுங்குகிற ஒவ்வொரு தடவையும் பார்த்தான். அவள் அதைக் கவனித்துவிட்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

ஆறாம் நாள் காலை போன் வந்தது. வெறிநோய் இல்லை.

டிஸ்டெம்பர் என்ற இன்னொரு நோய் என்றார் டாக்டரம்மா. நாயிலிருந்து நாய்க்குத்தான் ஒட்டும், மனிதருக்கு வராது. "என் கிளினிக் வராந்தாவுலயே ஒட்டியிருக்கும் ஞானராஜ். அந்த ஊசியத் தள்ளிவச்சிருக்கக் கூடாது. நான் ஒத்துக்கினு இருக்கக் கூடாது" என்றார். மற்ற நான்கும் அந்த ஊசி போட்டவை என்பதால் தப்பும் என்றார்.

பாக்கியமேரி அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு விடுகிறவள் மாதிரி இருந்தது. பிள்ளை தப்பித்துவிட்டாள் என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த நிமிஷம் ஞானராஜுக்குத் தோன்றவில்லை.

வெனிலா பள்ளிக்குப் போகிற உடுப்போடு வாசல்படியில் நின்றாள். ஒரு பக்கம் பின்னிய ஜடை, இன்னொரு பக்கம் பின்னாமல் கிடந்தது.

"அப்ப தொட்டிருக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியாதே, தெரியாமல் எப்படித் தொடுவது, உனக்காகத்தானே என்று சொல்லப் பத்துப் பதில் அவனிடம் இருந்தது. எல்லாம் உண்மையான பதில்தான்.

"தொட்டிருக்கலாம்" என்றான்.

"கடைசியில கூப்ட்டுச்சா?"

"கூப்ட்டுச்சு."

"நீ இன்னா பண்ண?"

"பின்னால போயி நின்னுகினேன். பயமா இருந்திச்சிம்மா."

வெனிலா பாக்கியமேரியின் முன்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பாக்கியமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி ஜடையைப் பின்னிவிட்டாள். அந்த வாரம் முழுக்க வெனிலா அவனோடு பேசவில்லை. கோபமாக இருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கோபமாகவும் இல்லை.

நாற்பத்தைந்து நாள் முடிந்து பீமனையும் இங்காவையும் அவிழ்த்துவிட்டார்கள். இரண்டும் முதலில் ஓடியது பழைய பாத்ரூமுக்குத்தான். இங்கா உள்ளே போய் மூலை மூலையாக மோந்துவிட்டு வந்தது. இனி இங்காவுக்குக் குட்டி வேண்டாம் என்று பாக்கியமேரி சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. கோடை வருவதற்குள் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டார்கள். அந்த வெயிலில் நான்கு குட்டிகளையும் பெரியது இரண்டையும் காப்பாற்ற ஞானராஜ் ஐஸ் சுமந்த சுமைக்கு அளவில்லை. ஒன்றும் சாகவில்லை. ஆனாலும் ஏதாவது ஒரு குட்டி ஒரு வேளை சாப்பிடாமல் படுத்தால் அவன் தண்ணீர்க் கிண்ணத்தோடு அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவான்.

ஆறு மாசம் முடிந்ததும் இரண்டு குட்டிகளை டாக்டரம்மா சொல்லி ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்காரர் வாங்கிக்கொண்டார். அங்கே குளிர் உண்டு. ஒன்று வெனிலாவோடு தங்கியது. கடைசியாக ஜூலையில் அப்பாண்டைராஜ் மனைவியோடு காரில் வந்தார். இந்தத் தடவை கேட்டுக்கு உள்ளே வந்து, நாற்காலி போடச் சொல்லாமல் படியிலேயே உட்கார்ந்தார். எந்த வேளைக்கு என்ன, நடை எப்போது, வெயிலில் என்ன செய்ய வேண்டும், அடுத்த ஊசி எந்தத் தேதி என்று ஞானராஜ் ஒவ்வொன்றாகச் சொன்னான். தங்கள் வீட்டில் முட்டையும் கறியும் கிடையாது, தயிரும் பருப்பும் மல்லாட்டைக் கடலையும் கொடுத்தால் தாங்குமா என்று அந்த அம்மாள் கவலையோடு கேட்டாள். டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள் என்றாள் பாக்கியமேரி.

குட்டி இப்போது கிட்டத்தட்ட தாயின் உயரம் வந்துவிட்டது. வெனிலா அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து காரின் பின் சீட்டில் ஏற்றினாள். கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் அதன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார்" என்றாள் அப்பாண்டைராஜிடம். "அதுக்கு ஒடம்பு முடியலன்னா தனியா மட்டும் போட்றாதீங்க சார்."

போட மாட்டேம்மா என்றார் அவர். சொல்லிவிட்டு ஏனோ ஞானராஜைப் பார்த்தார். ஞானராஜ் காரின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டுக் குட்டியின் தலையில் வைத்தான். கார் கிளம்பும் வரைக்கும் எடுக்கவில்லை.